ஜீப் கொண்டுவந்த நல்ல சேதி

எண்பதுகள் பிறந்த புதிது. ஆடிப் பதினெட்டு. மோகனூருக்கு மேற்கே, எங்கள் ஊர்க் காவிரியில், இடுப்புக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடிய செந்தண்ணீரில், ஒரு தடித்த கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு முதன்முதலில் வந்தது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சாமி ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு வந்தது ஒரு சொல்லைப் பற்றிய கோபம். 'அணை திறந்துவிட்டது' என்று சொன்னதுதான் தப்பு, 'வெள்ளம் வருகிறது' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்! சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது பேச்சுக்குத்தான், ஓரிடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. ரேடியோவில் வானிலை அறிக்கை ஒன்றைக்கூட விடமாட்டேன். ஊருக்குள் எந்த அரசாங்க ஜீப் நுழைந்தாலும் பின்னாலேயே ஓடுவேன். கொசு மருந்து அடிக்க வந்தாலும் சரி, கோழிக்கு ஊசி போட வந்தாலும் சரி, என்ன ஏது என்று கேட்டு முடிக்காமல் வீடு திரும்பமாட்டேன். "இவளக் கட்டிக்கப் போறவன் ஜீப் வெச்சிருக்கோணும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அதற்கு முந்தைய வருடம் மழை ஏமாற்றிவிட்டது. அந்த வருடமும் ஜூனில் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கரையிலிருந்து இறங்கினால் முதலில் ஒரு பள்ளம். அதைத் தாண்டினால் நாணல் முளைத்த ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டுக்கு அந்தப் பக்கம்தான் தண்ணீர், அதுவும் கணுக்கால் நனைகிற அளவுக்கு.

எங்கள் வீட்டுக்கோ அது முக்கியமான ஆடி. அக்காவுக்கு வைகாசியில்தான் கல்யாணமாகியிருந்தது. தலை ஆடி நோம்பிக்கு, அதாவது கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் ஆடிப் பண்டிகைக்கு, அவளும் மாமாவும் வந்திருந்தார்கள். கல்யாணத்தன்று போட்டுக்கொண்ட மாலைகளைப் பத்திரமாக வைத்திருந்து, ஆடிப் பதினெட்டன்று புதுத் தண்ணீரில் விட வேண்டும். பெண் பழைய மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். இது எங்கள் பக்கத்து வழக்கம். "பெருக்கே இல்லாம என்ன பெருக்கு நோம்பி? மாலைய மணல்லயா பொதைக்கறது?" என்று அம்மா ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்கு மல்லசமுத்திரம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வட நாடெல்லாம் சுற்றி வருகிறவர். "பூமிக்குள்ள ஓடற தண்ணிதானுங்க அத்தை எனக்குப் பழக்கம். மேல ஓடறதெல்லாம் எங்கூர்ல பாக்கோணும்னா நீங்கதான் ஒரு செம்புல மோந்து அனுப்போணும்" என்று அம்மாவைச் சிரிக்கவைப்பார்.

நோம்பிக்கு முந்தைய நாள் மத்தியானம் ஜீப் வந்தது. மேலே புனல் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. உள்ளே ஓர் அலுவலர், கையில் ஒரு தாளை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். "மேட்டூர் அணையிலிருந்து காவிரி ஆற்றில் உபரி நீர் திறந்து விடப்பட்டுள்ளதால், கரையோரப் பொதுமக்கள் தக்க முன்னெச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." ஜீப் நிற்கவில்லை. மாரியம்மன் கோயிலில் வேறு பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்கு 'மேட்டூர் அணை', 'திறந்து விடப்பட்டுள்ளது' என்ற இரண்டும்தான் காதில் விழுந்தன.

அது போதாதா! ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அணை திறப்பு என்றால் வேறென்ன? வயலுக்குத் தண்ணீர், ஆற்றுக்குத் தண்ணீர், நோம்பிக்குத் தண்ணீர். வறண்ட வருடங்களில் ஆடிப் பெருக்குக்கென்றே கொஞ்சம் திறந்துவிடுவதும் நாங்கள் அறிந்ததுதான். எதிர்வீட்டு அத்தை, "நோம்பிக்குன்னே தொறந்துட்டாங்கொ பாரு! கவர்மெண்டுக்கும் கண்ணு இருக்குது சாமி!" என்று ஜீப் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பையன்கள் கை தட்டிக்கொண்டே ஜீப்பின் பின்னால் ஓடினார்கள்.

அப்பா மட்டும் கேட்டார்: "எச்சரிக்கைன்னு என்னமோ சொன்னாங்களே?"

"ஆத்துல எறங்கறப்ப வழுக்கி உழுகாம எறங்கோணும்னு சொல்லீருப்பாங்கொ" என்றாள் அம்மா.

படித்தவள் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உபரின்னா மிச்சம்" என்றேன். "அட, மிச்சமே இங்க வருதுன்னா அணையே ரொம்பிடுச்சுன்னு அர்த்தம்" என்று அப்பா முகம் மலர்ந்தார். கேட்ட எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. குடகுப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது என்று நாள்தோறும் ரேடியோவில் கேட்டவள்தான் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மனசு அன்றைக்கு இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன்பே நாங்கள் ஆற்றில் இறங்கினோம். பள்ளத்தைத் தாண்டினோம், மணல் காலடியில் நொறுநொறுவென்று காய்ந்து கிடந்தது. திட்டில் ஏறினோம். எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் வந்திருந்தன. அந்தப் பக்கம் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். வாழையிலையில் காதோலை, கருகமணி, பழம் எல்லாம் பரப்பி, மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்துச் சூடம் காட்டினோம். அக்கா கூறைப்புடவையில் இருந்தாள். புதுக் கயிறு கட்டிக்கொண்டாள். மாமாவும் அவளும் காய்ந்துபோன மாலைகளைத் தண்ணீரில் விட்டார்கள்.

மாலைகள் மெதுவாக மிதந்து போயிருக்க வேண்டும். ஆனால் யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடுவதுபோலப் போயின. கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டும் இல்லை. அக்கா சிரித்தாள். நான் மட்டும் குனிந்து தண்ணீரில் கைவைத்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன். தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் கரைசலாக மாறியிருந்தது. நுரை, சுள்ளி, முழுசாக ஒரு தென்னை மட்டை. எறும்புகள் ஒன்றையொன்று கவ்விப் பந்துபோலத் திரண்டு மிதந்து வந்தன. நாங்கள் பரப்பியிருந்த இலை மிதக்க ஆரம்பித்தது. "பாத்தீங்களா, காவேரித் தாயி வந்து எடுத்துக்கறா!" என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் முன்னால் ஏறுகிற தண்ணீரையே பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறினால் என்ன, நாலு அடி பின்னால் நகர்ந்துகொண்டால் போயிற்று என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

பின்னால் திரும்பிப் பார்த்தவள் நான்தான். நாங்கள் நடந்து வந்த பள்ளம் பளபளவென்று மின்னியது. முதலில் வெயில் என்று நினைத்தேன். வெயில் இல்லை. தண்ணீர். தாழ்வான அந்தப் பள்ளத்தில் அது எங்களுக்குத் தெரியாமல் எப்போதோ நுழைந்துவிட்டிருந்தது. கரைக்கும் எங்களுக்கும் நடுவே இன்னொரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில்தான் கரை மேல் ஜீப் தெரிந்தது. திரும்பும் வழியில் வந்திருக்கிறது. அந்த அலுவலர் பழைய தாளையே படித்துக்கொண்டிருந்தார். "...உபரி நீர் திறந்து விடப்பட்டுள்ளதால்..." திட்டில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். அவர் எங்களைப் பார்த்தார். படிப்பது பாதியில் நின்றது. மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் புஸ்புஸ் என்று கேட்டது. அப்புறம் ஒரு அலறல்.

"ஐயோ, வெள்ளம் வருது! ஓடியாங்க! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாங்க, வெள்ளம்!"

ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சு எங்கள் பேச்சு இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. கையாட்டிய கைகள் அப்படியே நின்றன. அடுத்த நொடி பெண்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள். ஒரு தாம்பாளம் உருண்டு தண்ணீருக்குள் போனதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் ஓடியவர்கள் தொடையளவுத் தண்ணீரிலேயே தடுமாறிவிட்டார்கள். இழுப்பு அப்படி. கரையில் இருந்தவர்களில் ஒருவர் வீட்டுக்கு ஓடி, பழைய கவலைக் கிணற்றில் மாடு பூட்டி இறைத்த காலத்து வடக்கயிற்றைத் தூக்கி வந்தார். ஒரு முனையை ஜீப்பின் முன்பக்கக் கம்பியில் கட்டினார்கள். இன்னொரு முனையை இரண்டு இளவட்டங்கள் நீந்திக் கொண்டுவந்து திட்டில் சேர்த்தார்கள். ஆனால் திட்டில் கட்டுவதற்கு மரமா இருக்கிறது? நாணல்தான். மாமா முன்னே வந்தார். முனையைத் தன் முதுகைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, குதிகால்களை மணலில் புதைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ரிக்குல இரும்புக் கொழாயவே புடிச்சு நிறுத்தறவன் நானு. போங்க, போங்க! ஏம்புள்ள, வாயப் பொளந்து பாக்காத, வெசயா போ!" என்று என்னை விரட்டினார்.

ஒருவர் பின் ஒருவராக வடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அக்கா எனக்கு முன்னால். கூறைப்புடவை தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது. ஒரு தடவை அவள் கால் தவறியபோது புடவையோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தினேன். காலுக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு போவது தெரிந்தது. நிற்கிற இடமே நம்மை விட்டு ஓடுகிற அந்தப் பயத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அங்கேதான், நான் முதலில் சொன்ன அந்தக் கோபம் எனக்குள் வந்தது. நேற்று மத்தியானமே இந்த மனிதர் இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால்!

எல்லோரும் கரை ஏறிவிட்டோம், மாமாவையும் அந்த இரண்டு இளவட்டங்களையும் தவிர. இளவட்டங்கள் வடத்தைப் பிடித்து நீந்தி வந்துவிட்டார்கள். இப்போது மாமா வடத்தைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும், நாங்கள் இழுக்க வேண்டும். திட்டு என்று சொல்ல அங்கே நாணல் தலைகள் மட்டும்தான் மிச்சம். அவர் கையை உயர்த்திக் காட்டினார். இழுத்தோம். வடம் முதலில் கனத்தது. அப்புறம் அதிர்ந்தது. அப்புறம் இலேசாகிவிட்டது.

வடம் மட்டும் வந்தது.

அந்த ஈரக் கயிறு என் கைக்குள் சும்மா, சுலபமாக வந்துகொண்டே இருந்தது. அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அழவில்லை. சற்றுமுன் கட்டிக்கொண்ட மஞ்சள் கயிற்றை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். மஞ்சள் இன்னும் காயக்கூட இல்லை, அவள் கைவிரல்களில் ஒட்டியிருந்தது. அந்த விரல்களைப் பார்க்கத்தான் எனக்கு ஆற்றைவிடப் பயமாக இருந்தது.

"ஏறும்மா!" என்றார் அந்த அலுவலர். அக்காவும் நானும் ஜீப்பில் தாவி ஏறினோம். கம்பியிலிருந்து வடத்தை அவிழ்த்ததும், கரையோடு ஒட்டி ஜீப் கீழ்த்திசையில் பறந்தது. நான் சொன்ன ஊர்ப்பெயரை வைத்து அவர் மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்: "மல்லசமுத்திரத்து மாப்ள! கொரல் குடுங்க! எங்க இருந்தாலும் கொரல் குடுங்க!" குரல் தண்ணீர் மேல் அந்தக் கரைவரை போய்த் திரும்பியது. பதில் இல்லை. எப்படிக் கேட்கும்? ஜீப் இரைச்சல், அவர் குரல், ஆற்றின் உறுமல்.

"வண்டிய நிறுத்துங்க! இன்ஜினை அணைங்க! நீங்க பேசறதையும் நிறுத்துங்க!" என்று கத்தினேன். டிரைவர் என்னை முறைத்தபடி அணைத்தார்.

உறுமல் மட்டும். அக்காவின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். பின்பு, எங்கோ கீழே, மெலிசாக ஒரு சீழ்க்கை. நீளமாக ஒன்று, கட்டையாக ஒன்று.

"அவுரு!" என்றாள் அக்கா. ரிக் ஓடும்போது பேச்சு கேட்காது, விரலை மடக்கிச் சீழ்க்கை அடித்துத்தான் பேசிக்கொள்வார்கள் என்று அவர் கல்யாணமான புதிதில் எங்களுக்கு அடித்துக் காட்டியிருந்தார். அன்றைக்கு அதை வைத்து எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்!

கரையோரம் பாதி மூழ்கிய ஒரு கருவேல மரத்தில், உடம்பெல்லாம் முள் கீறி, ஒரு கையால் கிளையையும் மறுகையால் வாயையும் பிடித்தபடி இருந்தார் மாமா. அதே மரத்தின் உச்சியில் ஒரு சாரைப்பாம்பும் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். பரிசல் கொண்டுவந்து அவரை இறக்கியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "கெணத்துல சுத்திச் சுத்தி நீந்திப் பழகினவனுங்க நானு. இது நேரா போகச் சொல்லுதுங்களே!" அக்கா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

அன்றைக்கு எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஆடுகள் போயின. ஆற்றுக்குள் ஊற்றில் தண்ணீர் இறைக்க வைத்திருந்த ஆயில் இன்ஜின்கள் போயின. அந்த அலுவலர் எங்கள் வாசலில் நின்றபடி ஒரு டம்ளர் காப்பி குடித்தார்.

"நேத்துலருந்து இதே தாளைத்தான் படிச்சிக்கினு வரேன். ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாதுன்னு உத்தரவு. போன ஊர்லல்லாம் கை தட்டினாங்க. நல்ல சேதிதான் கொண்டாந்திருக்கோம்போலன்னு எனக்கும் சந்தோஷமா இருந்திச்சி" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. கீழே இன்னும் எத்தனை ஊர் கை தட்டியிருக்கிறது! டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். "வெள்ளம் வருது! இது நோம்பித் தண்ணி இல்ல, வெள்ளம்!" என்ற குரல் கிழக்கே தேய்ந்துபோகும் வரை நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

அதற்குப் பிறகு நான் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அணையிலிருந்து தகவல் வந்தது, ஜீப் வந்தது, மைக் வந்தது, முழுசாக ஒரு நாள் முன்பாகவே வந்தது. எங்களைக் காப்பாற்ற வேண்டிய எல்லாமே வந்து சேர்ந்தது. கடைசியில் அது எங்கள் காதுக்குள் நுழைகிற இடத்தில்தான் வழி தவறிவிட்டது. இதைச் சொன்னால், "வாசகம் மேலிருந்து வருதும்மா" என்றார்கள். அடுத்த ஆடியிலும் அதே வாசகம். அதற்கடுத்த ஆடியில் தண்ணீரே வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "ஆபீஸ் ஆபீஸா மனு எழுதற புள்ள இதுதானுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மாமா, "ஜீப்புக்காரன் வரோணுமில்ல, பொறுங்க" என்று சமாதானம் சொன்னார்.

இது அந்த வெள்ளத்துக்குப் பின் மூன்றாவது வருடம்; புதிதாக வந்திருக்கும் அதிகாரி நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். "அனுமதிய எழுத்துல தரமாட்டேன். ஆனா ஜீப் உங்க ஊர்ப் பக்கம் வர்றப்ப ஏறிக்கம்மா. தாளை ஜீப்புல வர்றவர் படிப்பாரு. அடுத்தாப்பல நீ உன் பாஷையில சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. என்ன சொல்வது என்று எழுதி அம்மாவிடம் படித்துக்காட்டுகிறேன். முதல் தடவை, "வெள்ளம் வருது, ஆத்துக்குப் போகாதீங்க" என்றேன். "இதக் கேட்டா நீ என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"எவ்வளவு பெரிய வெள்ளம்னு கரைக்குப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்" என்றாள் அம்மா.

மாற்றி எழுதினேன். "பாக்கக்கூட வராதீங்க" என்று சேர்த்தேன். "செரி, பாக்க வரல. திட்டுல ஆடு கட்டியிருக்குதே, அத அவுத்துட்டு வந்துர்றேன்" என்றாள். அதையும் சேர்த்தேன். ஆயில் இன்ஜினையும் சேர்த்தேன். மாலையையும், மஞ்சள் கயிற்றையும் சேர்த்தேன்: "கல்யாண மாலைய இந்த வருசம் கெணத்துல உடுங்க, தாயி கோவிச்சுக்க மாட்டா." இதைக் கேட்டதும் அம்மா தன் மஞ்சள் கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இப்பச் செரி" என்றாள்.

ஆடி வரப்போகிறது. குடகில் மழை பிடித்துவிட்டதாக ரேடியோவில் சொல்கிறார்கள். ஜீப்பில் ஏறியதும் இரண்டு காரியம் செய்யப்போகிறேன். கோயில் முன்னால் இன்ஜினை அணைக்கச் சொல்லுவேன், பாட்டை நிறுத்தச் சொல்லுவேன். பிறகு மைக்கை வாங்கி, முதல் சொல்லாகவே 'வெள்ளம்' என்பேன். யாராவது கை தட்டினால், திரும்பவும் சொல்லுவேன். எங்கே மைக் சத்தம் கேட்டாலும் இன்றும் என் உள்ளங்கையில் அந்தக் காலி வடத்தின் ஈரம் ஊறுகிறது. அது காயாமல் இருக்கட்டும், அந்தப் பயம் இருக்கிற வரைக்கும்தான் நான் சரியாகச் சொல்லுவேன்.